பழைய ராணுவ டிரக்கின் கேபினுக்கு ஹீட்டர் வைத்த அனுபவம்

நான் வைத்திருப்பது எம்35ஏ2 வகை ராணுவ டிரக். கரடுமுரடான நிலத்திலும் இரண்டரை டன் சுமந்து போக வேண்டும் என்று 1950-களில் அமெரிக்க ராணுவத்துக்காகக் கொண்டுவரப்பட்ட எம்35 வரிசையில், டீசலோடு வேறு பல எரிபொருள்களிலும் ஓடக்கூடிய 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினுடன் பின்னாளில் வந்த வடிவம் இது. மூன்று அச்சுகளும் இழுக்கும். மின்சாரம் 24 வோல்ட். பிரேக்குக்குத் துணை நிற்பதும் வைப்பரை ஆட்டுவதும் காற்றழுத்தம். கேபினுக்குக் கூரை என்று இருப்பது கேன்வாஸ் துணி. முன் கண்ணாடியைச் சட்டத்தோடு பானெட்டின் மேல் மடித்துப் போட்டுவிடலாம். கதவுகளுக்கு உள்ளே பஞ்சோ மெத்தையோ கிடையாது, வெறும் தகடுதான். கடுங்குளிர்ப் பகுதிகளுக்கு அனுப்பிய வண்டிகளில் மட்டும் தனியாக ஹீட்டர் தொகுப்பைப் பொருத்தினார்கள். என் வண்டிக்கு அது வாய்க்கவில்லை.

முதல் குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை, வெளியே மைனஸ் 9 டிகிரி இருக்கும்போது நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் போனேன். பத்து நிமிடத்திற்குள் என் மூச்சுக்காற்றே முன் கண்ணாடியின் உட்புறத்தில் பனியாகப் படியத் தொடங்கிவிட்டது. இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் இருந்த பிளாஸ்டிக் தகட்டால் கண் மட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டிச் சுரண்டி, அந்த இடைவெளி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு போனேன். சுரண்டிய பனித்தூள் முழங்காலில் விழுந்து உருகாமல் அப்படியே கிடந்தது. அதைவிட என்னை அச்சுறுத்தியது கால்தான்: முப்பதாவது கிலோமீட்டரில் கிளட்ச் பெடல் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதைப் பாதம் உணரவில்லை. பல டன் எடையுள்ள வண்டியில் கால் மரத்துப்போவதும் கண்ணாடி மறைவதும் உயிரோடு விளையாடுகிற காரியம். ஹீட்டர் வைத்தே தீர வேண்டும் என்று முடிவெடுத்தது அன்றுதான்.

முடிவெடுத்தவுடன் நான் செய்தது, கிடைப்பதிலேயே பெரிய ஹீட்டர் எது என்று தேடியதுதான். ராணுவ வண்டிப் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் என்னைத் தடுத்தார். “தம்பி, ஹீட்டர் சூட்டை உண்டாக்காது. எஞ்சின்ல இருக்கிற சூட்டை எடுத்துக்கிட்டு வந்து உங்க காலடியில வைக்கும், அவ்வளவுதான். முதல்ல எஞ்சின்ல சூடு இருக்கான்னு பாருங்க. அப்புறம் கேபின்ல அது தங்குமான்னு பாருங்க. ஹீட்டர் வாங்குறது மூணாவது வேலை” என்றார். இரண்டு குளிர்காலங்கள் கழித்து இதை எழுதும்போது, நான் கற்றுக்கொண்ட எல்லாமே அந்த வரிசைக்குள் அடங்கிவிடுவதைக் காண்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்கள் அந்த வரிசையை மாற்றாமல் போனால் பணமும் ஒரு குளிர்காலமும் மிச்சமாகும்.

எஞ்சினைப் பார்த்தபோது, பெரியவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது புரிந்தது. அரை மணி நேரம் ஓடிய பிறகும் டேஷ்போர்டில் உள்ள வெப்பமானி 60 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை. வெப்பமானியே பழுதாக இருக்கலாம் என்று எண்ணி, எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டின் உறை மேல் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டிப் பார்த்தேன், 58 காட்டியது. டீசல் எஞ்சின் இயல்பாகவே குளிர்ச்சியாக ஓடக்கூடியது. சுமை குறைவாக இருக்கும்போது எரிவதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு காற்றை அது உள்ளே இழுத்து வெளியே தள்ளுவதாலும், எரிபொருள் மிகக் கொஞ்சமாகவே செலவாவதாலும், தண்ணீருக்குப் போய்ச் சேரும் சூடு சொற்பமே. வண்டியை நிறுத்தி வைத்து ஐடிலில் ஓடவிட்டுச் சூடேற்றலாம் என்று நினைப்பவர்கள் எரிபொருளையும் நேரத்தையும் வீணாக்குகிறார்கள். ஏர் டாங்கில் பிரேக்குக்கு வேண்டிய அழுத்தம் ஏறியதும் மெதுவாக ஓட்டத் தொடங்கிவிடுவதே அதைச் சூடாக்கும் வழி.

ஆனால் இயல்பான குளிர்ச்சிக்கும் 58 டிகிரிக்கும் வெகுதூரம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன். வால்வு அரைகுறையாகத் திறந்த நிலையில் துருப்பிடித்து நின்றுபோயிருந்தது. அதாவது எஞ்சினில் உண்டான கொஞ்ச நஞ்சச் சூட்டையும் ரேடியேட்டர் எடுத்துக் காற்றில் வீசிக்கொண்டிருந்தது. புதிதாக வாங்கிய தெர்மோஸ்டாட்டையும் சோதிக்காமல் பொருத்தக்கூடாது என்பது என் கருத்து. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை மெல்லிய கம்பியில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி தொங்கவிட்டுச் சூடாக்க வேண்டும். அடியில் உட்கார வைத்தால் அடுப்பின் சூடு நேராகத் தாக்கிக் கணக்கைக் கெடுத்துவிடும். பக்கத்திலேயே ஒரு வெப்பமானியையும் தொங்கவிட்டுப் பார்த்தால், எந்த வெப்பநிலையில் வால்வு அசையத் தொடங்குகிறது, எப்போது முழுதாகத் திறக்கிறது, ஆறும்போது திரும்ப இறுக மூடுகிறதா என்ற மூன்றும் தெரிந்துவிடும். எனக்குக் கிடைத்த புதியது 82 டிகிரியில் திறக்கத் தொடங்கியது.

அத்தோடு ரேடியேட்டருக்கு முன்னால் கட்டுவதற்குக் கேன்வாஸில் ஒரு மறைப்பும் தைத்தேன். நடுவில் உருட்டிக் கட்டக்கூடிய ஒரு மடிப்பு இருக்கிறது. மைனஸ் 5 டிகிரிக்குக் கீழே போனால் அதைப் பாதி இறக்குவேன், மேடேறும்போதும் சுமை ஏற்றும்போதும் சுருட்டிவிடுவேன். இப்படி மறைப்புக் கட்டுகிறவர்கள் வெப்பமானியின் மேல் ஒரு கண் வைத்தே ஓட்ட வேண்டும், முழுவதும் மூடிக் கட்டவே கூடாது. இந்த இரண்டு வேலைகளுக்குப் பிறகு எஞ்சின் 80 டிகிரியில் நிலைத்து நின்றது. ஹீட்டருக்கென்று ஒரு போல்ட்டுகூட வாங்காமலேயே பாதி வேலை முடிந்திருந்தது.

அடுத்தது கேபின். இங்கேதான் நான் அதிக நாள் செலவிட்டேன், செலவிட்ட ஒவ்வொரு மணி நேரமும் பலன் கொடுத்தது. இரவில் வண்டியை இருட்டில் நிறுத்தி, கேபினுக்குள் பிரகாசமான ஒரு விளக்கை வைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து எஞ்சின் பக்கமிருந்தும், பிறகு வண்டிக்கு அடியில் படுத்தும் பார்த்தேன். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள இடைத்தகட்டில் விண்மீன்கள்போல் ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. பெடல்கள் நுழையும் பிளவுகள், ஸ்டீயரிங் தண்டைச் சுற்றிய வளையம், கியர் லிவருக்கும், அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லிவருக்கும் அடியில் கிழிந்த ரப்பர் உறைகள், எப்போதோ யாரோ ஒயர் இழுக்கத் துளைத்துவிட்டு மூடாமல் போன நான்கு ஓட்டைகள், கதவுகளின் கீழ்விளிம்பு, கேன்வாஸ் கூரை பின்சுவரோடு சேரும் மடிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே வந்தேன்.

இந்தச் சின்னச் சின்ன ஓட்டைகள் எவ்வளவு சூட்டைத் தின்னும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நானே திகைத்துப்போனேன். பத்து சென்டிமீட்டர் நீளமும் ஆறு சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு திறப்பை வைத்துக்கொள்வோம். பெடல் பிளவுகளைச் சேர்த்தாலே அந்த அளவு வந்துவிடும். வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது காற்றும் அதே வேகத்தில் அதற்குள் நுழைந்தால், ஒரு நொடிக்கு நூறு லிட்டர் காற்று உள்ளே வருகிறது. அந்தக் காற்றை மைனஸ் 10 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு உயர்த்துவதற்கு மட்டும் ஏறத்தாழ 4 கிலோவாட் வேண்டும். நடைமுறையில் காற்று அவ்வளவு வேகமாக நுழையாது என்பது உண்மைதான். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், ஒரு நடுத்தர ஹீட்டர் தருவதில் பெரும்பகுதியை ஓர் உள்ளங்கை அளவு ஓட்டை விழுங்கிவிடுகிறது என்பதே பொருள்.

ஓட்டைகளை அடைக்க நான் பயன்படுத்தியவை தண்ணீர் உறிஞ்சாத நுரை ரப்பர் பட்டைகள், பழைய டயர் டியூபிலிருந்து வெட்டிய துண்டுகள், கேன்வாஸ் மடிப்புகள் ஆகியவையே. மெத்தைக் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்பாஞ்சை வைக்கவே கூடாது. அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, தகட்டை உள்ளிருந்தே அரித்துவிடும். பெடல் பிளவுகளுக்கு டியூப் ரப்பரை இரண்டு அடுக்காக வெட்டி, ஒன்றில் நேராகவும் இன்னொன்றில் குறுக்காகவும் கீறல் போட்டு, பழைய திருகுத் துளைகளிலேயே மேலே ஒரு தகட்டுப் பட்டை வைத்து முடுக்கினேன். பெடல் தண்டு தடையில்லாமல் போய் வர வேண்டும், எங்கேயும் சிக்கக்கூடாது. ரப்பர் மாட்டிய பிறகு ஒவ்வொரு பெடலையும் ஐம்பது முறையாவது முழுதாக மிதித்துப் பார்த்த பின்பே சாலைக்குக் கொண்டுபோனேன். தரையில் தண்ணீர் வடிவதற்கென்று வைத்திருக்கும் துளைகளை மட்டும் அடைக்காமல் விட்டேன். கூரைக்கு அடியில் கனமான கம்பளித் துணியை உள்விரிப்பாகக் கட்டியது எதிர்பார்த்ததைவிட நன்றாக உதவியது. கேன்வாஸில் உறைந்து பின் உருகிச் சொட்டும் ஈரமும் அதோடு நின்றது.

பழைய வண்டியில் கை வைக்கிறவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. இடைத்தகட்டிலும் எக்ஸாஸ்ட் குழாயருகிலும் ஒட்டியிருக்கும் பழைய நார்ப்பட்டைகளிலும் கேஸ்கெட்டுகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டவோ கம்பித் தூரிகையால் தேய்க்கவோ கூடாது. என்னவென்று தெரியாததைத் தொடாமல் விட்டு, அதை அகற்றத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

மூன்றாவதாகத்தான் ஹீட்டர். என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. மின்சார ஹீட்டரை நான் உடனே ஒதுக்கிவிட்டேன். ஆயிரம் வாட் ஹீட்டர் 24 வோல்ட்டில் ஏறத்தாழ 42 ஆம்பியர் இழுக்கும், என் ஆல்டர்னேட்டரோ 60 ஆம்பியர். விளக்கும் பேட்டரி சார்ஜும் போக மிஞ்சுவதைக் கொண்டு கை விரல்களைக்கூடச் சூடாக்க முடியாது. டீசலை எரித்துக் காற்றைச் சூடாக்கும் தனி ஹீட்டர் உண்மையிலேயே நல்ல கருவி. எஞ்சின் ஓடாதபோதும் வேலை செய்யும், 5 கிலோவாட் கருவி முழு வேகத்தில் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல்தான் குடிக்கும். வண்டியிலேயே இரவு தங்குகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதன் எக்ஸாஸ்ட் குழாயைக் கசிவில்லாமல் வண்டிக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். அணைத்த பிறகும் அதன் விசிறி சில நிமிடங்கள் ஓடி உள்ளே குளிர்வித்த பின்பே நிற்கும் என்பதால், பேட்டரியின் மெயின் சுவிட்சை அவசரப்பட்டு அணைக்கக்கூடாது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மெயின் சுவிட்சை அணைத்துவிடும் என் பழக்கத்துக்கு அது ஒத்துவராது என்று பட்டது. எஞ்சினின் வெந்நீரில் ஓடும் ஹீட்டரே அந்தக் காலத்து வண்டிக்கும் எனக்கும் பொருத்தம் என்று தேர்ந்தெடுத்தேன். எரிபொருளை எரிக்காததால் புகை அபாயமும் இல்லை.

உடைப்புக்கு வந்த ஒரு பேருந்திலிருந்து 24 வோல்ட் ஹீட்டர் ஒன்று கிடைத்தது: தகரப் பெட்டி, உள்ளே செம்புக் குழாய்களும் இதழ்களும் கொண்ட சின்ன ரேடியேட்டர், பின்னால் இரண்டு வேகத்தில் ஓடும் புளோயர். பேருந்துகளும் மண்வெட்டும் இயந்திரங்களும் 24 வோல்ட்டில் ஓடுவதால், ராணுவ டிரக் வைத்திருப்பவர்கள் அந்த உடைப்பு இடங்களைத்தான் முதலில் தேட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இரு பக்கமிருந்தும் மாறி மாறித் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினேன். தேநீர் நிறத்தில் வந்த தண்ணீர் தெளிவதற்குப் பதினைந்து நிமிடம் ஆனது. பிறகு ஒரு குழாயை அடைத்து, மறு குழாயில் ஒரு பார் அழுத்தத்துக்குக் காற்றேற்றி, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். மூலையில் குண்டூசி முனை அளவில் குமிழ்கள் வரிசையாக எழும்பின. அதை ஈயப்பற்று வைத்து அடைத்து மறுபடியும் சோதித்தேன். கேபினுக்குள் பொருத்திய பிறகு அந்தக் கசிவு தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருந்திருக்கும்.

பெட்டியைப் பயணி பக்கத்தில், இடைத்தகட்டின் உட்புறத்தில், ஏற்கெனவே இருந்த போல்ட்டுத் துளைகளில் பிடித்துக்கொள்ளும்படி ஒரு தாங்கி செய்து மாட்டினேன். இந்த வண்டியில் ஒரு புதிய துளைகூடப் போடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். நாளைக்கு இதை வாங்குகிறவர் ஹீட்டரைக் கழற்றிவிட்டால், ராணுவத்திலிருந்து வந்தபடியே வண்டி நிற்க வேண்டும். ஹோஸ்கள் நுழைவதற்கு, மேலே சொன்ன வேண்டாத நான்கு ஓட்டைகளில் பெரிதாக இருந்த இரண்டைப் பயன்படுத்தி, தகட்டின் விளிம்பு ரப்பரை அறுக்காதபடி தடித்த ரப்பர் வளையங்களை வைத்தேன்.

வெந்நீர் எங்கிருந்து எடுப்பது, எங்கே திருப்பி விடுவது என்பதில்தான் நான் பெரிய தவறு செய்தேன். எஞ்சின் தலையில், தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால், திருகு மூடி போட்டு அடைத்திருந்த ஒரு துளையிலிருந்து வெந்நீர் எடுத்தேன், அது சரி. அந்த மூடி பல ஆண்டுகளாகத் துருவேறி இறுகியிருந்ததால், மூன்று நாள் துருநீக்கி எண்ணெய் விட்டு, மெதுவாகச் சூடுகாட்டி, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தே கழற்றினேன். ஆனால் திரும்பிவரும் ஹோஸை வசதியாகக் கைக்கெட்டிய இன்னொரு துளையில், அதுவும் எஞ்சின் தலையிலேயே, இணைத்துவிட்டேன். எஞ்சின் 80 டிகிரியில் இருந்தும் ஹீட்டரிலிருந்து வந்தது குளிர்காற்றுதான். தண்ணீர் ஓடுவதற்கு இரு முனைகளுக்கும் நடுவே அழுத்த வேறுபாடு வேண்டும். இரண்டு துளைகளும் வாட்டர் பம்பின் தள்ளும் பக்கத்திலேயே இருந்தால், இரு முனையிலும் ஏறத்தாழ ஒரே அழுத்தம்தான், ஓட்டம் இராது. திரும்பிவரும் ஹோஸைப் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில், ரேடியேட்டரின் அடி ஹோஸோடு சேரும்படி ஒரு ‘T’ வடிவ இணைப்பு வைத்து மாற்றிய அன்றுதான் முதன்முதலாகக் கேபினில் வெதுவெதுப்பான காற்று வந்தது.

கையை வைத்துப் பார்த்தே குற்றத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பதை அப்போது கற்றேன். எஞ்சின் சூடேறிய பின் ஹீட்டரின் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால், தண்ணீர் ஓடவில்லை அல்லது காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் குளிர்ந்திருந்தால் வால்வு மூடியிருக்கிறது. இரண்டும் நன்றாகச் சுட்டும் கேபின் சூடாகாவிட்டால் குற்றம் தண்ணீரில் இல்லை, காற்றில் இருக்கிறது. புளோயர் தலைகீழாகச் சுற்றுகிறதா, இதழ்களில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விசிறியிலும் பெல்ட்டிலும் விரல் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, எஞ்சினை அணைத்துவிட்டே இதைச் செய்ய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எடுக்கும் இடத்திலும் திரும்பும் இடத்திலும் கால்சுற்றில் மூடக்கூடிய பித்தளை வால்வு ஒவ்வொன்று வைத்தேன். இந்த வேலை முழுவதிலும் நான் மிகச் சரியாகச் செய்தது இதுதான் என்று நினைக்கிறேன். நடுவழியில் ஹீட்டர் கசிந்தாலும் இரண்டு வால்வுகளையும் மூடிவிட்டு வீடு வந்து சேரலாம். வெயில் காலத்தில் மூடிவைத்தால் கேபின் அனலாகாது. ஹோஸ் வெந்நீருக்கென்றே செய்த ஹீட்டர் ஹோஸாக இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து ஒரு கை அகலமாவது தள்ளி, அரை மீட்டருக்கு ஒரு பிடிப்பு போட்டு ஆடாமல் கட்ட வேண்டும். வெந்நீர் ஹீட்டருக்குள் அடிக் குழாய் வழியாக நுழைந்து மேல் குழாய் வழியாக வெளியேறினால், உள்ளே சிக்கும் காற்றைத் தானே தள்ளிக்கொண்டு போகும்.

கூலன்ட்டைத் தண்ணீரோடு சரிபாதி கலந்தேன். அந்தக் கலவை ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு; தரையில் சிந்தியதை நாயோ பூனையோ நக்கினால் உயிர் போய்விடும், ஆகையால் கழற்றும்போதெல்லாம் அகலமான தட்டு ஒன்றை அடியில் வைப்பேன். காற்றை வெளியேற்ற வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கும்படி நிறுத்தி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, வால்வுகளும் திறந்த நிலையில் ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வந்தேன். ஹீட்டரின் மேல் ஹோஸைத் தளர்த்தியபோது கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்து, பிறகு ஒரே சீராகத் திரவம் வந்தது. அதற்குப் பிறகுதான் இறுக்கினேன். சூடேறிய எஞ்சினில் இந்த மூடியைத் திறக்கவோ ஹோஸைத் தளர்த்தவோ ஒருபோதும் கூடாது.

மின்சார வேலை எளிது, ஆனால் 24 வோல்ட் வண்டிகளில் எல்லோரும் செய்யும் ஒரு தவறை நானும் செய்தேன். ஹீட்டரின் புளோயர் 24 வோல்ட் என்பதால் அதில் சிக்கல் இல்லை. பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்து, ஒரு ரிலே வழியாக, எஞ்சின் சுவிட்ச் போட்டால்தான் ஓடும்படி ஒயர் இழுத்தேன். ஆனால் கண்ணாடிக்குக் காற்று வீச வைத்த சின்ன விசிறி 12 வோல்ட். தொடராக இணைந்த இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் அதற்கு மின்சாரம் எடுத்தேன். ஒரு மாதம் கழித்து எஞ்சின் ஓடும்போது அளந்தபோது ஒரு பேட்டரியில் 13.1 வோல்ட், மற்றதில் 15.1 வோல்ட். ஆல்டர்னேட்டருக்குத் தெரிவது இரண்டின் கூட்டுத்தொகை மட்டுமே. எடுத்த பேட்டரி பசியோடும், எடுக்காத பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜாகிக் கொதித்தும் கெட்டன. 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றித்தரும் கன்வெர்ட்டர் ஒன்றை முதலிலேயே வாங்கியிருந்தால் இரண்டு பேட்டரிகளும் பிழைத்திருக்கும். ராணுவ வண்டிகளின் ஒயர்களில் எண் பொறித்த சிறு தகடுகள் கட்டியிருக்கும். நான் சேர்த்த ஒயர்களுக்கும் அதேபோல் தகடு கட்டி, அவை இன்னவை என்று ஒரு தாளில் எழுதி வண்டிக் கையேட்டோடு வைத்திருக்கிறேன்.

கண்ணாடிக்கு முன்னுரிமை கொடுங்கள் என்பதை அழுத்தமாகச் சொல்வேன். ஹீட்டர் பெட்டியிலிருந்து ஐம்பது மில்லிமீட்டர் சுருள்குழாய்கள் இரண்டைக் கண்ணாடியின் அடிவிளிம்புக்குக் கொண்டுபோய், தட்டையான வாய் வைத்து, காற்று கண்ணாடியின் மேல் படலமாக ஏறும்படி செய்தேன். காலுக்குப் போகும் காற்றையும் கண்ணாடிக்குப் போகும் காற்றையும் பிரிக்க ஒரு மடக்குத் தகடு இருக்கிறது. முதல் பத்து நிமிடம் முழுவதும் கண்ணாடிக்கே. கேபின் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றினால் சீக்கிரம் சூடேறும், ஆனால் மூச்சின் ஈரமும் சேர்ந்து சுழன்று கண்ணாடியை மறைத்துவிடும். எனவே ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அகலம் இறக்கி வைத்தே ஓட்டுகிறேன். வெளிக்காற்றை ஹீட்டருக்குக் கொடுக்க விரும்புகிறவர்கள் அதை எஞ்சின் அறையிலிருந்து எடுக்கவே கூடாது. எக்ஸாஸ்டில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு நேராகக் கேபினுக்குள் வந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எந்த வகை ஹீட்டர் வைத்தாலும் பேட்டரியில் ஓடும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கேபினில் மாட்டிவிடுங்கள்.

எல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, மைனஸ் 12 டிகிரி காலையில், பயணி பக்கத் தரையில் பச்சை நிறத்தில் இரண்டு சொட்டுகளைக் கண்டேன். எஞ்சின் சூடேறியதும் கசிவு நின்றுவிட்டது. குளிரில் ரப்பர் சுருங்குகிறது. திருகி இறுக்கும் சாதாரணக் கிளாம்ப் அந்தச் சுருக்கத்தைப் பின்தொடராது. எல்லா இணைப்புகளிலும் ஸ்பிரிங் வைத்த, தானே இறுகிக்கொள்ளும் கிளாம்ப்புகளை மாற்றிய பிறகு இதுவரை ஒரு சொட்டும் விழவில்லை. கேபினில் இலேசான இனிப்பு வாசனை வந்தாலோ, கண்ணாடியின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பு படிந்தாலோ, ஹீட்டருக்குள் கசிகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் குளிர்காலத்தில் மைனஸ் 8 டிகிரியில் புறப்பட்டு, இருபத்தைந்து நிமிடத்தில் இருக்கை மட்டத்தில் 14 டிகிரி வந்ததைக் குறித்துவைத்திருக்கிறேன். கண்ணாடி ஒன்பதாவது நிமிடத்தில் தெளிந்தது. பெரியவரை அழைத்துக்கொண்டு போனபோது, பாதி வழியில் அவர் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஹீட்டரின் அடி ஹோஸையும் மேல் ஹோஸையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். “கீழே சுடுது, மேலே கொஞ்சம் கம்மி. தண்ணி நல்லா ஓடுது தம்பி” என்றார். பிறகு கதவின் கீழ் மூலையில் கையை நீட்டி அங்கேயே வைத்துக்கொண்டிருந்தார். “இங்க இன்னும் வருதே” என்றார். “ஆமாம் ஐயா, கீல் பக்கம் ரப்பர் சரியா உட்காரலை” என்றேன். அந்தக் கதவின் கீல்களில் தேய்மானம் இருக்கிறது; கதவு நான்கு மில்லிமீட்டர் தொய்ந்திருப்பதால் எந்தப் பட்டையை ஒட்டினாலும் அந்த மூலையில் பிளவு விழுகிறது. கீல் ஊசிகளைப் புதிதாகக் கடைந்து வாங்கி வைத்திருக்கிறேன், பனி விட்டதும் கதவைக் கழற்ற வேண்டும்.